ஹீட்டருக்கு வைத்த மீட்டர்

எனக்குக் காலையில் குளிக்க வெந்நீர் வேண்டும், மாமா. அது ஒன்றும் பெரிய ஆசை இல்லை. நடந்ததை எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். மகளைக் கட்டிக்கொடுத்தவர் கேட்கும்போது மறைப்பது அழகல்ல, எழுதுகிறேன்.

மீட்டர் கம்பெனியின் பரிசோதனைப் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மின்சார மீட்டருக்குள் நகத்தளவு சிப் ஒன்று உண்டு. அதனிடம் முதலில் நிலையைக் கேட்கவேண்டும், பிறகுதான் அளவு. லைனில் மின்சாரம் ஓடினால்தான் அது புதிதாக அளக்கும். ஓடாவிட்டால் ‘புதிய அளவு இல்லை’ என்று நிலையிலேயே சொல்லிவிடும். அதை மதிக்காமல் அளவைக் கேட்டால், கடைசியாக எடுத்த பழைய எண்ணையே கூச்சமில்லாமல் நீட்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

உங்கள் மகன் பத்து நாள் தங்கிப்போக வந்து எட்டு மாதம் ஆயிற்று. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் குளித்துவிட்டு வந்தபின் நான் போனால் தண்ணீர் ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

“வெந்நீரைக் காலி பண்ணிட்டியாப்பா?” என்று கேட்டேன்.

“ஹீட்டர்ல சூடே வர்றதில்ல அத்தான். நானே நடுங்கிக்கிட்டுதான் குளிக்கிறேன்.”

அந்த நடுக்கத்தை நான் நம்பவில்லை. சோதித்து முடித்த மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து ஹீட்டர் லைனில் மாட்டினேன்; கூட்டிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு முறை ஓடியதையும் தனித்தனியாகக் காட்டும் ரகம். காலை எட்டு மணிக்குப் பார்த்தேன்: 1.512 யூனிட். மறுநாளும் 1.512. மூன்றாம் நாளும் அதுவே. திருட்டு வெந்நீரில்கூட இவ்வளவு ஒழுங்கா என்று உள்ளுக்குள் கொஞ்சம் வியந்தேன்.

எடுத்த எடுப்பில் எதுவும் செய்துவிடவில்லை. முதலில் அவன் சோப்பை ஒளித்தேன். அடுத்து துண்டை. ஐந்தாம் நாள் பக்கெட்டில் ஓட்டை போட்டேன், சின்ன ஓட்டைதான். ஆறாம் நாள் அவன் குளியலறைக்குள் போனதும் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். அன்று அவனுக்கு இன்டர்வியூ. வெளியூர் வேலை, தங்க அறையும் தருவார்கள். அதுவும் எனக்குத் தெரியும். மதியம் உங்கள் மகள் வேலையிலிருந்து வந்துதான் கதவைத் திறந்தாள்.

சாயங்காலம் நான் திரும்பியபோது அவளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தாள். அவர் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார்.

“உள்ள சூடாக்குற கம்பி, காயில், கருகிப் பல மாசம் ஆச்சு சார். இது ஒரு டம்ளர் தண்ணியக்கூட சுட வச்சிருக்காது.”

1.512 என்பது எங்கள் பரிசோதனை மேசையில் அந்த மீட்டர் கடைசியாக அளந்தது. சாப்பிடும்போதெல்லாம் நான் இந்தப் பேச்சே பேசுவதால் உங்கள் மகளுக்கும் எல்லாம் தெரியும்.

“நிலையைப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“மறந்துட்டேன்” என்றேன். தம்பியை அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுவதாகச் சொல்லி இப்போது பெட்டியில் துணி அடுக்குகிறாள்.

நான் மறக்கவில்லை, மாமா. ஆறு நாளும் நிலையைத்தான் முதலில் பார்த்தேன். ஆறு நாளும் ‘புதிய அளவு இல்லை’ என்றே வந்தது. ஆனால் எட்டு மாத எரிச்சலுக்கு அப்போதுதான் கையில் ஓர் எண் கிடைத்திருந்தது, விட மனசு வரவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. அவள் இல்லாமல் எனக்கு இந்த வீடு வீடாக இருக்காது, நீங்கள்தான் அவளிடம் சொல்லவேண்டும்.

இருந்தாலும், காயில் கருகியே இருக்கட்டும், அவன் எப்படியோ வெந்நீரில்தான் குளித்திருப்பான் என்று எனக்கு இன்னும் படுகிறது.