முதல் வண்டிக்கு ஒரு படம்

மேடையில் வீற்றிருக்கும் பொது மேலாளர் அவர்களே, தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, ஓட்டுநர் நடத்துநர் தோழர்களே, கிரீஸ் கையைத் துடைத்த கையோடு ஓடிவந்திருக்கும் என் பணிமனைத் தம்பிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, உங்கள் அனைவருக்கும் பணிமனை மேற்பார்வையாளனின் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகியவன். குரல் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று அது கம்மிப்போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பு நம்மிடமிருந்து பறித்துக்கொண்டு போன மனிதர் யார்? நம் போக்குவரத்துக் கழகத்தின் புள்ளியியல் அலுவலர். அது அலுவலகக் கதவில் எழுதியிருந்த பெயர். நமக்கெல்லாம் அவர் படக்காரர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் சினிமாவில் இருந்துவிட்டு வந்தவரோ என்று நினைத்துக்கொள்வார்கள். யார் எந்த எண்ணைக் கொண்டுபோய் நீட்டினாலும், "மொதல்ல படம் போட்டுப் பாரு, அப்புறம் பேசு" என்பார். எண்ணை வரைபடமாக்கிப் பார் என்று அர்த்தம். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

டயர் கிடங்குக்கு மேலே இருக்கும் அறையில், வியாழக்கிழமைதோறும் ஷிப்ட் மாறும் நேரத்தில், அவர் எங்களுக்கு ஆர் கற்றுக்கொடுத்தார். ஆர் என்பது புள்ளிவிவரக் கணக்குக்கென்றே பிறந்த கணினி மொழி. கற்க வந்தது யார்? நடத்துநர்கள் வந்தார்கள். அட்டவணைப் பிரிவு எழுத்தர் அம்மா வந்தார். மெக்கானிக்குகள் வந்தார்கள். எங்கள் வெல்டர் வந்தார். மழைக்கு ஒதுங்கத்தான் வந்தேன் என்று இன்றுவரை சாதிக்கிறார்.

அந்த வெல்டர் முதல் நாள் ஒரு வரி தட்டியதும் திரை முழுக்கச் சிவப்பெழுத்து. எழுந்துவிட்டார். "அண்ணே, எனக்கும் இதுக்கும் ஏழாம் பொருத்தம். இங்கிலீஷ்ல திட்டுது." படக்காரர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "திட்டலப்பா. வண்டி சத்தம் போட்டா திட்டுதுன்னா சொல்லுவ? எங்க இடிக்குதுன்னு சொல்லுது. சத்தமாப் படி." அன்றிலிருந்து அது எங்கள் வகுப்பின் வழக்கமாகிவிட்டது. யாருக்குப் பிழை வந்தாலும், விசைப்பலகையைத் தொடுவதற்கு முன்னால், எல்லோரும் சேர்ந்து அந்தப் பிழையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கீழே டயர் கிடங்கில் இருந்தவர் நாங்கள் மேலே சேர்ந்திசை பழகுகிறோம் என்றே நினைத்திருந்தார்.

அன்றைக்கு விட்டுப்போனது ஒரு கமா. "ஒரு கமாவுக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?" என்று கேட்ட அதே வெல்டர், இப்போது எந்த வண்டியில் பிரேக் லைனிங் எவ்வளவு காலம் தாங்குகிறது என்று படம் போட்டு என் மேசையில் வைத்துவிட்டு, "பாத்துட்டுப் பேசுங்க" என்று போகிறார். குருவை மிஞ்சிய சிஷ்யன் என்று சொல்லமாட்டேன். குருவின் அலட்டலை மட்டும் முழுதாக எடுத்துக்கொண்ட சிஷ்யன்.

தோழர்களே, புகழ வந்த இடத்தில் ஒருவர் செய்த தப்பைப் பேசலாமா? நான் பேசத்தான் போகிறேன். அவர் மனைவி, நம் அண்ணியிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

விடியுமுன் கிளம்பிக் கல்குவாரி வழியாகப் போகும் முதல் வண்டியை உங்களுக்குத் தெரியும். அந்த வண்டி காலியாக ஓடுகிறது, நிறுத்திவிடலாம் என்று அறிக்கை எழுதியவர் நம் படக்காரர்தான். உத்தரவும் ஆகிவிட்டது. அந்த வாரம் வகுப்பில் ஒரு படம் போடக் கற்றுக்கொடுத்தார். எத்தனை பேர் ஏறினார்கள், அப்படி எத்தனை நாள் நடந்தது என்று கம்பம் கம்பமாகக் காட்டும் படம். கைக்கு அகப்பட்டது அந்த முதல் வண்டியின் கணக்கு. அதையே போட்டார்.

படம் வந்தது. வலது பக்கம், வண்டி நிறைந்த நாள்களெல்லாம் ஒரு மேடாக நின்றன. இடது ஓரத்தில் பூஜ்யத்தின்மேல் ஒற்றைக் கம்பம், கூரையை முட்டிக்கொண்டு. நடுவில் ஒன்றுமில்லை. ஒன்று வண்டி நிறைய ஆள், இல்லாவிட்டால் ஒருவருமே இல்லை. அப்படியும் ஒரு பேருந்து உலகத்தில் உண்டா? நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்பா," என்றார்.

நடந்தது இதுதான். குவாரிப் பக்கம் சிக்னல் கிடையாது. டிக்கெட் இயந்திரம் அனுப்பும் கணக்கு பல நாள் அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை. அந்தக் கட்டங்கள் காலி. காலிக் கட்டம் இருந்தால் ஆர் அதை என்ஏ என்று காட்டும். சராசரி கேட்டால் அதற்கும் என்ஏ என்றே பதில் வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மை அந்த மொழிக்கு இருக்கிறது. அவசரத்தில் இருந்த நம் படக்காரர் அந்த இடங்களிலெல்லாம் பூஜ்யத்தைப் போட்டு நிரப்பிவிட்டார். வராத கணக்கு, வராத பயணிகளாக மாறிவிட்டது.

ஓய்வு பெறப்போகும் வயதில் பேர் கெட்டுவிடுமே, சத்தமில்லாமல் சரிசெய்ய வழியிருக்கிறதா பாருங்கள் என்று எங்களில் சிலர் சொன்னோம். "பேர வச்சு என்னப்பா பண்றது? வண்டி நின்னா அவங்க எப்படி வேலைக்குப் போவாங்க?" என்று கேட்டுவிட்டு நேராகப் பொது மேலாளர் அறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன்.

"அறிக்கை குடுத்ததே நீங்கதானே?"

"ஆமாங்க ஐயா. தப்பும் என்னோடதுதான். வண்டிய நிறுத்திடாதீங்க."

"உத்தரவு போட்டாச்சே, இப்ப வந்து சொன்னா?"

"உத்தரவ மாத்திக்கலாம் ஐயா. அந்த நேரத்துக்கு அவங்களுக்கு வேற வண்டி இல்ல."

மேலாளர் ஐயா, அன்று நீங்கள் கோபப்பட்டீர்கள். கதவுக்கு வெளியே எனக்கே வியர்த்தது. ஆனாலும் உத்தரவை நிறுத்திவைத்து, புதிதாக எண்ணி மாதக் கடைசிக்குள் கொடுங்கள் என்றீர்கள். அதற்கு இந்தச் சபையில் நன்றி சொல்கிறேன். தப்பை ஒப்புக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்றால், அதைக் கேட்டுக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும் அல்லவா?

அதன்பிறகு எங்கள் வகுப்பே அந்த வண்டியில் ஏறியது. முறை வைத்து ஏறினோம், கையால் எண்ணினோம். மருத்துவமனையைச் சுத்தம் செய்யும் அம்மாக்கள், ரொட்டி அடுப்பில் வேலை செய்பவர்கள், சந்தையில் மூட்டை இறக்குபவர்கள். எங்களைப் பரிசோதகர் என்று நினைத்துத் தூக்கக் கலக்கத்திலேயே டிக்கெட்டை நீட்டினார்கள். எண்ணி முடித்தோம். அறிக்கைக்குப் படம் போடவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் அவர் போய்விட்டார்.

அவர் கடைசியாக உட்கார்ந்த கணினி அந்த அறையில் அணைக்கப்படாமல் இருந்தது. ஆர்-இல் படம் போடும்போது ஒவ்வோர் அடுக்காகச் சேர்ப்போம். இன்னும் வரும் என்பதற்கு வரியின் கடைசியில் ஒரு கூட்டல் குறி போடுவோம். சனிக்கிழமை மாலை அவர் அப்படி ஒரு வரி எழுதி, கடைசியில் கூட்டல் குறி போட்டிருக்கிறார். அதற்குள் வீட்டிலிருந்து போன் வர, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்.

முந்தாநாள் அண்ணி என்னிடம் அழுதார். "நான் மட்டும் கூப்பிடாம இருந்திருந்தா முடிச்சிருப்பாரு."

அண்ணி, எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், கேளுங்கள். அவர் எழுதியதில் தப்பிருந்தால் கணினி சிவப்பில் சொல்லியிருக்கும். சொல்லவில்லை. அடுத்த வரியின் தொடக்கத்தில் அதுவாகவே ஒரு கூட்டல் குறியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தது. மேலே சொல் என்று அதற்குப் பொருள். நீங்கள் எதையும் கெடுக்கவில்லை. அவர் ஒரு வரியைச் சரியாக எழுதி, மீதிக்கு இடம் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

விசைப்பலகையின் ஓரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த வரி ரத்தாகியிருக்கும், புதிதாகத் தொடங்கியிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை. நேற்று மாலை அட்டவணைப் பிரிவு எழுத்தர் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த வரியை எழுதினார். நாங்கள் சுற்றி நின்றோம். படம் வந்தது. எண்ணிய நாள்களில் ஒரு நாள்கூட வண்டி காலியாகப் போகவில்லை.

மேலாளர் ஐயா, அந்தப் படத்தை உங்கள் கையில் தருகிறேன். இரங்கல் கூட்டத்தில் பதில் கேட்பது முறையல்ல; கேட்கமாட்டேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அந்த வண்டி ஓடும் என்றே நான் நம்புகிறேன். வியாழக்கிழமை வகுப்பும் நடக்கும். யார் நடத்துவது? எங்களுக்குள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து நடத்துவோம். பூஜ்யம் எது, தெரியாதது எது என்று பிரித்துப் பார்க்காமல் இந்த அலுவலகத்திலிருந்து இனி ஓர் அறிக்கைகூடப் போகாது. இது அவருக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

கடைசியாக ஒன்று. நேற்று அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். அண்ணி வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார், "எனக்கும் ஒரு நாற்காலி போடுவீங்களா? இத்தன வருஷமா வீட்டுல என்னதான் பேசிட்டிருந்தாருன்னு நான் தெரிஞ்சுக்கணும்."

போட்டாயிற்று, அண்ணி. வியாழக்கிழமை வாருங்கள்.