மேல் ஃபோல்டர்

மச்சினன்: ...அவசரமே இல்லை அத்தான். நிதானமா மூடுங்க.

அத்தான்: உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் கணக்கை மூட எனக்குக் கை வரலை, மாப்ள.

மச்சினன்: அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்காங்க. யார் உள்ளே வரணும், யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கணும்... இந்த ஆபீஸ் சாவிக்கொத்தே உங்க இடுப்புலதான்.

அத்தான்: குத்திக் காட்டாதே.

மச்சினன்: பெருமையாச் சொல்றேன். அக்காவும் அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறா.

அத்தான்: அவகிட்ட என்ன சொன்னே?

மச்சினன்: வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொல்லலை. வேற வேலை கிடைச்சிருச்சுன்னேன்.

அத்தான்: நம்பினாளா?

மச்சினன்: "எங்கே"ன்னு கேட்டா. ஃபோனை வெச்சுட்டேன்.

அத்தான்: எத்தனை நாளைக்கு மறைப்பே?

மச்சினன்: நான் கேட்டது பாலத்தோட வரைபடங்களை மட்டும்தான். டெண்டர் ஃபோல்டர், அதுக்குள்ள பாலம், அதுக்குள்ள படங்கள். அந்தக் கடைசி ஒண்ணுக்கு மட்டும் பார்க்குற உரிமை.

அத்தான்: ஆமா, கேட்டே.

மச்சினன்: பக்கத்துலயே விலைப்பட்டியல் ஃபோல்டர். தெரியாம கிளிக் பண்ணேன், திறந்துச்சு. படம் இல்லைன்னதும் மூடிட்டேன்.

அத்தான்: தெரியும்டா.

மச்சினன்: உங்களுக்குத் தெரியும். விசாரணைக்கு உட்கார்ந்த மூணு பேருக்கும் தெரியலையே. நம்ம டெண்டர் விலை போட்டிக் கம்பெனிக்குப் போயிருக்கு, திறந்தவங்க பட்டியல்ல என் பேர் இருக்கு. "திறந்திருந்துச்சு"ங்கிறேன். "உனக்கு அங்கே உரிமையே இல்லை, ஏதோ குறுக்கு வழியில புகுந்திருக்கே"ங்கிறாங்க.

அத்தான்: மேல் ஃபோல்டர்ல உரிமை கொடுத்தா, உள்ளே இருக்குற எல்லாத்துக்கும் அது தானா இறங்கிடும். அதனாலதான் நான் எப்பவும்...

மச்சினன்: எப்பவும்?

அத்தான்: ...உள்ளே போய் ஒவ்வொண்ணாத்தான் கொடுப்பேன்.

மச்சினன்: சட்டைக்கு எல்லாப் பட்டனையும் போடச் சோம்பல்படுற மனுஷன்னு அக்கா சொல்லுவா.

அத்தான்: சிரிக்காதடா... அன்னைக்கு மட்டும் முப்பது பேர் உரிமை கேட்டு எழுதியிருந்தாங்க. நானும் மனுஷன்தானே.

மச்சினன்: நான் ஒண்ணும் கேட்கலையே.

அத்தான்: விசாரணையில என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, மாப்ள. "விலைப்பட்டியலைப் பார்க்க இவருக்கு உரிமை கொடுத்தீங்களா?" வாயில வந்தது "இல்லை"ன்னுதான்...

மச்சினன்: விடுங்க. அக்காவுக்கு இது எட்டாம் மாசம். வீட்டுல ஒருத்தராவது வேலைக்குப் போகணும்.

அத்தான்: இப்பவே மேனேஜர் ரூமுக்குப் போறேன்.

மச்சினன்: மூணு நாளா அந்த ரூம் அங்கேதான் இருக்கு, அத்தான்.

அத்தான்: ...உனக்கு எப்போலேருந்து தெரியும்?

மச்சினன்: விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானத்துலேருந்து. மேல் ஃபோல்டர்ல எனக்குக் கொடுத்ததைச் சத்தமில்லாம எடுத்தீங்க பாருங்க... அப்போதான்.

அத்தான்: யார் சொன்னது?

மச்சினன்: உங்க சாஃப்ட்வேர்தான். உரிமையை எடுத்தா, யாருக்கு எடுத்தோமோ அவருக்குத் தானா ஒரு மெயில் போகும். "டெண்டர் ஃபோல்டரில் உங்கள் உரிமை நீக்கப்பட்டது." கீழே உங்க பேரு.

அத்தான்: அதை அவங்ககிட்ட காட்டியிருந்தா...

மச்சினன்: நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு அந்த ரூம்ல உட்கார்ந்து கதவையே பார்த்துக்கிட்டிருந்தேன். மெயில் இன்னும் என் இன்பாக்ஸ்லதான் இருக்கு. கணக்கை மூடுங்க, அத்தான்... அதுவும் சேர்ந்து போயிடும்.