பாவாயி மாலை

உங்கள் காகிதத்தில் ஒரு சிறு பிழை இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. பெரிதில்லை, இரண்டே சொல். கடைசியில் சொல்கிறேன். முதலில் காப்பியைக் குடியுங்கள். இந்த மலையில் ஆவணி மாதத்துக் குளிருக்குக் காப்பி தம்ளரிலிருந்து வாய்க்கு வருவதற்குள் ஆறிவிடும். போன வருஷம் ஒருவருக்கு நடுவழியிலேயே உறைந்துபோய், பாவம், கடித்துத் தின்றார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. நான் சொல்கிற எந்தக் கணக்கையும் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி இருந்தவரை அவளே வகுத்துவிடுவாள். தெருவில் ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள் என்று நான் ஓடி வந்தால், "நூறு பேரா?" என்று கேட்டுக்கொண்டே அரிசி களைவாள். வகுக்கக் கூடாத இடம் வந்தால் நானே சொல்கிறேன்.

ஓடையில் பிணமாகக் கிடைத்த பெண்ணைப் பற்றி எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினீர்கள். வாசலூர்பட்டியில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். பிழையுள்ள காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை எனக்கு. அடிவாரத்தில் ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன். தமிழ் வாத்தியார் லீவு போட்டால் அந்த நோட்டுகளும் என்னிடம்தான் வரும். நான் ஊற்றிய சிவப்பு மையில் காவிரிக்கே நிறம் மாறியிருக்கும்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு மலையேறி நாலு வருஷம் ஆகிறது. சும்மா இருக்க முடியாமல் மாலை கட்ட ஆரம்பித்தேன். மற்றவர்கள் கையில் கிடைத்த மணியைக் கோர்ப்பார்கள். நான் முதலில் கழுத்தை வரைவேன். தடித்த கழுத்துக்கு எங்கே கறுப்பு, நெட்டைக் கழுத்துக்கு எங்கே வெள்ளை, நடுவில் பித்தளை வளையம் எத்தனை என்று எல்லாம் காகிதத்தில் முடிந்த பிறகுதான் நூலை எடுப்பேன். ஆதிசேஷனுக்கே கழுத்து அளவு எடுத்தவன் போல என்னைப் பற்றி நானே பேசிக்கொள்வதுண்டு.

மண்மணி உருட்டிச் சுடுகிறவர்கள் இந்த மலையில் மூன்று பேர். யாரும் யாருக்கும் கூலியாள் இல்லை. அவரவர் மண், அவரவர் குழி, அவரவர் கைவாகு. பைல் நாட்டுச் சின்னுசாமி (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) மிளகு போலக் கறுப்பாகச் சுடுவான். மாணிக்கம் என்ற கிழவர் தினைக்கதிர் மாதிரி நீளச் சிவப்பு. மூன்றாவது பாவாயி. பெரக்கரை நாட்டில் ஒரு துண்டு மரவள்ளிக் காட்டை வைத்துக்கொண்டு தனியாக இருந்தவள். நாற்பது வயது இருக்கும். அவள் செய்தது வெள்ளை மணி. அதை உள்ளங்கையில் வைத்தால் கை இருட்டாகத் தெரியும். ஈரம் காய்வதற்குள் ஒவ்வொரு மணியிலும் கட்டைவிரல் நகத்தால் ஒரு பிறை அழுத்துவாள். அது அவள் அடையாளம்.

அந்த வெள்ளை மண் எங்கே கிடைக்கிறது என்று பார்க்க ஒருமுறை அவளோடு போயிருக்கிறேன். ஓடைக்கரையில் ஒரு பாறைக்கு அடியில் எடுத்தாள். எடுத்த மண்ணில் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"எதுக்கு?" என்றேன்.

"உப்புக் கரிச்சா சூளையில வெடிச்சுப்போயிருமுங்க வாத்தியாரய்யா. புளிச்சா நெறம் வராதுங்க."

"இனித்தால்?"

"இனிச்சா அது மண்ணில்லீங்க, வெல்லம்."

ஒரு மாதம் சிரித்தேன். வகுத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பேசுவாள். ஆனால் மண் விஷயத்தில் மட்டும் அவளுக்குப் பொய் வராது. நான் பாராட்டி எடுத்துக்கொண்ட மணிகளையே ஒருமுறை, "இது ஆகாதுங்க, பொறுக்கி எடுத்தது சரியில்ல" என்று திரும்ப வாங்கி ஓடையில் கொட்டினாள். இதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள் உங்கள் ரைட்டரை. பின்னால் வேண்டியிருக்கும்.

போன வருஷம் சேலத்தில் ஒரு பொருட்காட்சி நடந்தது. என் மாலைகளை அனுப்பினேன். ஒரு பெரிய துரைசானி அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மணியைச் செய்தது யார் என்று கேட்டாராம். கட்டியது யார் என்று கேட்கவில்லை. அந்தச் செய்தி என் மாலைகளுக்கு முன்னால் மலையேறி வந்துவிட்டது. அடுத்த வாரம் சோளக்காட்டுச் சந்தையில் ஒருத்தி வந்தாள்.

"ஏனுங்க, பாவாயி மாலை இருக்குங்களா?"

"அர்த்தனாரி மாலை இருக்கிறது" என்றேன். அது என் பெயர்.

"அது வேண்டாமுங்க. பாவாயி மாலைதான் வேணும்."

அவள் விரல் நீட்டிக் காட்டியது அதே மாலையை.

அதன் பிறகுதான் அந்த நகப்பிறைகளை நான் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். மணியை எப்படித் திருப்பிக் கோர்த்தாலும் பிறை வெளிப்பக்கம் வந்து நின்றது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஒரு மாலைக்கு ஆயிரம் மணி, ஆயிரம் பிறை, அத்தனையும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டின. அவள் சின்னுசாமியோடு பேசினால் என்னைப் பற்றி. பேசாமல் இருந்தால் அதுவும் என்னைப் பற்றி. ஒருநாள் சந்தையில் வைத்து, இனிமேல் அந்தக் கீறல் வேண்டாம் என்று நயமாகத்தான் சொன்னேன்.

"அது எங் கையிங்களே" என்றாள். "அத எடுத்துப்போட்டா, தான் யாருதுன்னு மணிக்கே தெரியாதுங்க. நீங்க வேணா நூலு மேல பேரு எழுதிக்கோங்க."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும்விட அதிக நேரம் சிரித்தவன் நான்தான்.

பிறகு ஒரு பலகை செய்தேன். 'கொல்லிமலைச் சுடுமண் மணிமாலை, கட்டியவர் அர்த்தனாரி' என்று என் கையாலேயே எழுதிச் சந்தையில் மாட்டினேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக வாசித்தும் காட்டினேன். சுடுமண் என்பது புத்தகத்துச் சொல். இங்கே எல்லோருக்கும் அது மண்ணுமணிதான். அத்தாயி என்று ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தையோடு முன்னால் நின்றவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்.

"சுடுமண்ணுன்னா? சுடுகாட்டு மண்ணுங்களா?"

இந்த மலையில் பிணத்தைப் புதைப்பதுதான் வழக்கம். ஆனாலும் அந்த இடத்துக்குப் பெயர் சுடுகாடுதான். சுட்ட மண் அம்மா, சூளையில் சுட்ட மண் என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். பிழை திருத்தியே சோறு தின்றவன் நான். அன்றைக்குத் திருத்தவில்லை. அவளைப் பார்த்துக் கொஞ்சம் புன்னகை செய்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அடுத்த சந்தையில் நாலு பேர் கேட்டார்கள். "அவ்வளவு வெள்ளை சும்மா வந்துவிடுமா?" என்று திருப்பிக் கேட்டேன். அது கேள்விதானே, ஐயா. அதற்கடுத்த சந்தையில், பாவாயி பொழுது விடிவதற்கு முன்னால் கூடையோடு எங்கே போகிறாள் என்று எனக்குத் தெரியாது என்றேன். நான் அவளோடு போனது ஒரே ஒருமுறை, அதுவும் பட்டப்பகலில், அதனால் அது பொய்யில்லை. மற்றதையெல்லாம் அவர்களே கட்டிக்கொண்டார்கள். என் மிகைப்படுத்தலெல்லாம் அவர்கள் முன்னால் வெறும் அரிச்சுவடி. எலும்பை இடிக்கிறாள் என்றார்கள். மணியை மோந்து பார்த்தார்கள். கழுத்திலிருந்த மாலைகளை எல்லாம் கழற்றி வேலிமுள்ளில் மாட்டினார்கள். அவள் எதிரே வந்தால் பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். ஊர்க்கவுண்டர் சென்றாயன் ஒருவர்தான், "பாத்த ஆளு யாருன்னு சொல்லுங்க கண்ணு, அப்பறம் பேசிக்கலாம்" என்று எல்லோரையும் அடக்கி வைத்திருந்தார். நியாயமான மனிதர். அவருக்காகத்தான் நான் மேற்கொண்டு சிரமப்பட வேண்டியிருந்தது.

ஆடிக் கடைசியில் அத்தாயியின் குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிற்று. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அந்த மழையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலை, பனி விலகுவதற்குள், என் தோட்டத்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனேன். குழந்தையை நான் தொடவில்லை. மேல்மண் ஒரு கூடை மட்டும் எடுத்தேன். குழியைச் சரியாக மூடாமல் ஒரு ஓரத்தை மட்டும் அப்படியே விட்டேன். எந்தக் கோட்டைப் போட வேண்டும், எதைப் போடாமல் விட வேண்டும் என்பது டிராயிங் மாஸ்டருக்குத் தெரிய வேண்டிய முதல் பாடம்.

பாவாயி காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வாசலில் வெள்ளை மண்ணை ஊறப்போட்டிருந்த பானையில் இந்த மண்ணைப் போட்டுக் கலக்கினேன். நிறம் லேசாகப் பழுத்தது. அழகான நிறம். அந்த நிறத்தில் ஒரு மாலை கட்டலாம் என்றுகூட நினைத்தேன்.

குழி திறந்து கிடந்ததை யாரோ பார்த்துவிட்டு நேரே பாவாயி வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். மத்தியானம் பஞ்சாயத்துக் கூடிவிட்டது. மலை முழுவதும் வந்திருந்தது, ஐயாயிரம் பேர். பானையைத் தூக்கி வந்து கோயில் முன்னால் வைத்தார்கள். அத்தாயி அழவில்லை. பானையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாவாயி" என்றார் சென்றாயன். "ஆத்தா அறியச் சொல்லு சாமி. இது உம் மண்ணுதானே? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போ."

ஆமாம் என்று அவள் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். அவள் பானைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். 

"இது எம் மண்ணில்லீங்க" என்றாள்.

"பின்ன யாரு மண்ணு?"

"தெரியலீங்க கவுண்டரே. எம் மண்ணில்ல."

அவள் உண்மையைச் சொன்னாள். கேட்டவர்களும் அதை உண்மை என்றே நம்பினார்கள், அவள் மண் இல்லையென்றால் அது சுடுகாட்டு மண்தானே. சென்றாயன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று தீர்ப்பு. கடைசி வரிசையில் நின்றிருந்த நான் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. மூன்று மணி இருக்கும், அவள் வந்து நின்றாள். மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காடை போட்டிருந்தாள். கையில் ஒரு சின்ன மூட்டை.

"வாத்தியாரய்யா, நீங்க எங்கூட வந்து பாத்தீங்கல்ல. நான் எங்க மண்ணெடுக்கறேன்னு உங்க ஒருத்தருக்குத்தானுங்க தெரியும். வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். "இன்றைக்கு எல்லோரும் கோபத்தில் இருக்கிறார்கள். நீ இறங்கிவிடு. நான் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறேன்."

கும்பிட்டாள். என் சுவரில், அவளுடைய வெள்ளை மணியை வைத்துக் கட்டிய கடைசி மாலை தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தாள். இத்தனை வருஷம் மணி செய்தவள் ஒரு மாலைகூடப் போட்டுக்கொண்டதில்லையாம், சொன்னாள். அதை எடுத்து அவள் கழுத்தில் போட்டேன். என்னிடம் இரக்கம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இனி அந்த மணியை வாங்க ஆளும் இல்லை.

"ஓடைத்தடத்தில் போ, சுருக்கு வழி" என்றேன்.

"மழையில தடம் நல்லா இருக்குங்களா? பாலம் இருக்குதுங்களா?"

"இருக்கிறது."

வாழ்நாள் முழுவதும் ஒன்றைப் பத்தாக்கிச் சொன்னவன் நான். அன்றைக்குத்தான் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். ஓடையின் மேல் கிடந்த இரண்டு மரத்துண்டுகளையும் காலை எட்டு மணிக்கே வெள்ளம் கொண்டுபோய்விட்டது. நான் கரையில் நின்று பார்த்தேன். இந்த எட்டை வகுக்க வேண்டாம். அந்த இரண்டையும் வகுக்க வேண்டாம்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார் உங்கள் ரைட்டர்? மெதுவாகவே எழுதட்டும். நீங்கள் என்னைச் சந்தேகப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். காப்பி கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். கையெழுத்துப் போட்டிருந்தால் இந்நேரம் குதிரையேறிப் போயிருப்பீர்கள். நானும் அடுத்த மாலையை வரைய உட்கார்ந்திருப்பேன். 'கால் தவறி நீரில் விழுந்து இறந்தாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடிப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம். நான் சொன்ன பிழை அதுவல்ல. கீழே, பிணத்தின் மேல் இருந்த பொருள்கள் என்ற இடத்தில், கடைசி வரியைப் பாருங்கள். 'கழுத்தில் பாவாயி மாலை ஒன்று' என்று இருக்கிறது.

அதை அடித்துவிட்டு, அர்த்தனாரி மாலை என்று எழுதிக் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.