தொட்டி வாயில் செருப்பு

கரண்ட் இப்போதைக்கு வராது. எல்லோரும் நெருங்கி உட்காருங்கள். அறிவுமதி, அந்தச் செல்போன் விளக்கை அணைத்துத் தொலை, கண் கூசுகிறது. பூவிழி, உனக்குப் பயமென்றால் இப்போதே கீழே போய்விடு. பாதியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தக் கூடாது. இது நான் கட்டிய கதையில்லை. நம் எழிலரசன் இருக்கிறானே, கோரிமேட்டுக்காரன், அவன் தங்கை சந்திரகலாவைக் கட்டியவன் தேவதாஸ். அவனுக்கு நடந்தது.

விடியற்காலை மூன்றரை மணி. மார்கழிப் பனி. செங்கழனிப்பேட்டையிலிருந்து உப்பளத்துக்கு வருகிற வழியில், மூடிப்போன மில் ஒன்றின் மதிலை ஒட்டி ஒரு சாலை... இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் வேலிக்கருவை. ஒரு நாய்கூட இருக்காது. தெருக்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற நேரம் என்பதால் தேவதாஸ் தன் மொபெட்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பாதி தூரத்தில் வண்டி நின்றுவிட்டது. உதைத்தான், உதைத்தான்... கிளம்பவில்லை. சரி, தள்ளிக்கொண்டே போகலாம் என்று இறங்கினான்.

அப்போதுதான் கேட்டது. சளக்... சளக்... சளக்... ஈரக் காலோடு, செருப்பில்லாமல், தார் ரோட்டில் ஒருவன் நடந்து வருகிற சத்தம். தேவதாஸ் நின்றான். அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பிளீச்சிங் பவுடர் வாடை மட்டும் குப்பென்று அடித்தது. அதோடு ஒரு பாசி வாடை... செல்போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்தான். ஈரக் கால்தடம். மதில் முனையிலிருந்து வரிசையாக வந்து, வண்டியின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் முடிந்திருந்தது.

நீயோ நானோ என்றால் 'யாரது' என்று கத்தியிருப்போம். தேவதாஸ் கத்தவில்லை. அது யாரென்று அவனுக்குத் தெரியும். வண்டியைப் பிடித்தபடியே, "கொளஞ்சி... நான் வேணும்னு செய்யலடா" என்றான்.

என்ன செய்தான் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

செங்கழனிப்பேட்டை அதற்கு முந்தின வருஷம்வரை தனி நகராட்சி. பெயருக்குத்தான் நகராட்சி. ஒரு சின்ன ஓட்டுக் கட்டடம், வாசலில் கொடிக்கம்பம், பின்னால் தரைக்குள் கட்டிய பெரிய தண்ணீர்த் தொட்டி. பழைய ஆட்கள் அந்தக் கட்டடத்தை மேரி என்பார்கள், நகராட்சி ஆபீசுக்குப் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர். தண்ணீர்ப் பிரிவுக்கு தேவதாஸ்தான் மேஸ்திரி. கொளஞ்சி வால்வு திறக்கிறவன். அவ்வப்போது தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்ப்பதும் அவனே.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. தொட்டிக்குள் இறங்குகிறவன் செருப்பை வாயருகே ஜோடியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவான். செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வால்வில் யாரும் கை வைக்கக் கூடாது. பூட்டு கிடையாது, சிவப்புக் கொடி கிடையாது. அந்தச் செருப்பைத் தள்ளி வைக்கக்கூட ஒருத்தனும் துணிய மாட்டான். அத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அப்புறம் பேட்டையை டவுனோடு சேர்த்துவிட்டார்கள். நேற்றுவரை நகராட்சி, இன்றைக்கு வெறும் வார்டு. "நம்ம ஊரை முழுங்கிட்டானுங்கய்யா" என்று டீக்கடையில் ஒரே கூச்சல். தேவதாஸுக்கு மட்டும் உள்ளுக்குள் குளிர்ந்தது. டவுனோடு சேர்ந்தால் சூப்பர்வைசர் ஆகிவிடலாம் என்று யாரோ அவன் காதில் போட்டுவிட்டார்கள். பழைய பெயர்ப் பலகையைக் கழற்றிப் புதுப் பலகை மாட்டுகிற விழாவுக்குப் பெரிய அதிகாரி வருகிறார், வந்து மாலை போட்ட வால்வைத் திருகித் தொட்டிக்குள் தண்ணீர் விடுகிறார் என்று ஏற்பாடு. ஓடியாடி எல்லாம் செய்தவன் தேவதாஸ்தான். டவுனிலிருந்து வால்வுக்கு முகிலன் என்று ஒருவன் வந்திருந்தான். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் தேவதாஸே. "தம்பி, வால்வைத் தொடறதுக்கு முன்ன தொட்டி வாயைப் பாரு. செருப்பு கெடந்தா கையை எடுத்துடு."

விழா அன்று காலையில், தொட்டி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கொளஞ்சியை இறக்கிவிட்டதும் அவன்தான்.

மணி பத்து. பந்தல், பாண்டு வாத்தியம், மைக்கில் பாட்டு. அதிகாரியின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது. தேவதாஸ் கடைசியாக ஒரு பார்வை பார்க்கிறான். எல்லாம் சுத்தம். தொட்டி வாயில் மட்டும்... ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வார் அறுந்து ஊக்கு குத்தியது. பக்கத்தில் இரும்பு மூடி திறந்து கிடக்கிறது. போட்டோ எடுக்கிற இடத்தில் இது வேறயா என்று எரிச்சல் வந்தது அவனுக்கு. "கொளஞ்சி!" என்று ஒரு குரல் கொடுத்தான். ஒரே ஒரு குரல். பாட்டுச் சத்தத்தில் பதில் எதுவும் கேட்கவில்லை. ஏறி டீ குடிக்கப் போயிருப்பான், வெறுங்காலோடு திரிகிறவன்தானே என்று நினைத்துக்கொண்டான். குனிந்து உள்ளே பார்த்தானா? பார்க்கவில்லை. சலவைச் சட்டை அழுக்காகிவிடுமே! செருப்பை எடுத்து, கழற்றிச் சாய்த்து வைத்திருந்த பழைய பலகைக்குப் பின்னால் போட்டான். யாராவது தடுக்கி விழப்போகிறார்கள் என்று மூடியையும் இழுத்துச் சாத்தினான்.

முகிலன் வந்தான். சொன்னபடியே தொட்டி வாயைப் பார்த்தான். செருப்பு இல்லை. சரி என்று தலையசைத்தான். அதிகாரி வால்வைத் திருகினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

புருஷன் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று அமிர்தவல்லி தேடிக்கொண்டு வந்த பிறகுதான் மூடியைத் திறந்தார்கள்.

விசாரணை நடந்தது. "செருப்பு இல்லிங்க சார், நான் நல்லாப் பார்த்தேன்" என்றான் முகிலன். அது உண்மைதானே? அப்படியானால் செருப்பு வைக்காமல் இறங்கியது கொளஞ்சியின் தப்பு என்று முடித்துவிட்டார்கள். தன் தப்பால் செத்தவன் வீட்டுக்கு வாரிசு வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். மகள் கார்குழலி படிப்பை விட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போனாள். அமிர்தவல்லி பார்க்கிறவர்களிடம் எல்லாம் ஒன்றைத்தான் கேட்டாள். "செருப்பு மாட்டிக்கினுதான் போனாரு. வெறுங்காலோட கொண்டாந்து போட்டீங்க. அந்தச் செருப்பு எங்க?" தேவதாஸிடமும் கேட்டாள். "தெரியலம்மா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

விழா நடந்த அன்றே, பொழுது சாய்ந்ததும் செருப்பை ஒரு பையில் சுருட்டி உப்பளம் வாய்க்காலில் விட்டெறிந்துவிட்டு வந்தான் பாவி. சூப்பர்வைசரும் ஆனான். என்ன ஆகி என்ன? சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. கார்குழலி எதிரே வந்தால் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவான்.

இப்போது அந்த மார்கழிக்கு வருகிறேன். ரோட்டில் ஈரக் கால் சத்தம் கேட்டதே, அதற்கு மறுநாள் வாசலில் விட்ட அவன் செருப்பைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போதே முகிலனிடமிருந்து போன். "அண்ணே, உங்க செருப்பு இங்க பேட்டை தொட்டி வாயில கெடக்குது. நீங்களா உள்ள இருக்கீங்க?" கொளஞ்சி போன பிறகு டவுன் ஆட்களும் செருப்பைப் பார்த்தால் வால்வைத் தொடுவதில்லை. தண்ணீர் வராமல் தெருவே குடத்தோடு வந்து நின்று கத்துகிறது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். யாரும் இல்லை. "வேற யாராவது எடுத்தாந்து போட்டிருப்பாங்கப்பா" என்று சமாளித்தான் தேவதாஸ். சில நாள் கழித்து மறுபடியும் அதே மாதிரி. இந்த முறை செருப்பை உள்ளே வைத்துக் கதவையும் தாழ் போட்டுவிட்டுத்தான் படுத்திருந்தான்.

அடுத்த தடவை முகிலன் போன் செய்தபோது குரல் ஒரு மாதிரி இருந்தது. "அண்ணே... இப்ப கெடக்கறது பொம்பள செருப்புண்ணே. செவப்பு வாரு."

சந்திரகலாவின் செருப்பு. தேவதாஸ் திரும்பிப் பார்த்தான். பாயில் தூங்கிக்கொண்டிருந்தவள் இருமினாள்... திணறித் திணறி இருமினாள். உலுக்கி எழுப்பினான். "என்னாங்க இது, மூச்சு முட்டுது" என்று மார்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. எடுத்து மோந்து பார்த்தான்... பிளீச்சிங் பவுடர்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. தன்னை என்ன செய்தாலும் தாங்கியிருப்பான். அவள் என்ன பாவம் செய்தாள்? விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி, தெருத் தெருவாகச் சுற்றி, தைரியம் வந்து அமிர்தவல்லி வீட்டு வாசலில் நின்றபோது வெயில் ஏறிவிட்டது. ஆமாம், நல்ல பகல். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைத்தீர்களா? பூவிழி, கையை விடு!

ஒற்றை அறை வீடு. கார்குழலி கடைக்குப் போயிருந்தாள். அமிர்தவல்லி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தேவதாஸ் அவள் எதிரே மண்டியிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். ஒரு குரல் கொடுத்தது, குனிந்து பார்க்காதது, செருப்பை எடுத்தது, மூடியைச் சாத்தியது, வாய்க்காலில் எறிந்தது. அவள் திட்டுவாள், துடைப்பத்தை எடுப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் அவரைக்காய் உரிப்பதை நிறுத்தவில்லை.

"இத ஆபீசுல வந்து சொல்லுவீங்களா? என் பொண்ணுக்கு வேலை வேணும்ணே."

"சொல்றேம்மா. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். என் வேலை போனாலும் போவட்டும்."

தலையாட்டினாள். தேவதாஸுக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. எழுந்திருக்கப் போனான்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. மறைக்காம சொல்லுங்க. உள்ள இருந்து... தட்டினாரா?"

தேவதாஸ் இதைத் தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அன்றைக்கு யாரும் தடுக்கிவிடக் கூடாது என்று அந்த மூடியின் மேலேயே நின்றிருந்தான் அவன், கையில் சந்தனத் தட்டோடு. அதிகாரி வால்வைத் திருகிவிட்டு மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளங்காலில் தெரிந்தது... டொக்... டொக்... டொக். அவனுக்குப் புரிந்துவிட்டது. கையை உயர்த்தி ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று மனசுக்குச் சொன்னான். பேச்சு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னான். தட்டை ஆட்டாமல் நின்றுகொண்டே இருந்தான்.

"இல்லம்மா" என்றான். "தட்டல. உடனே போயிருப்பான். கஷ்டப்பட்டிருக்க மாட்டான்."

சொல்லி வாய் மூடவில்லை.

டொக்... டொக்... டொக்.

மூலையில், சுவரோரமாக, பழைய நகராட்சிக் குழாய் ஒன்று. டவுன் குழாய் போட்டபோது பேட்டை இணைப்பை எல்லாம் அறுத்து, வாயில் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய் நின்று அடைக்கச் சொன்னதே தேவதாஸ்தான். அதற்குள்ளிருந்துதான் வந்தது சத்தம்.

அமிர்தவல்லி திடுக்கிடவில்லை. "மணி பத்தாயிடுச்சு" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பு மேடையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தாள். "தெனம் இந்நேரத்துக்குத் தட்டுவாரு. நான் திருப்பித் தட்டினா அடங்கிடும். மேல ஆளு இருக்குன்னு ஒரு தைரியம், அவ்ளோதான்."

குழாய்கிட்டே போனவள் நின்றாள். திரும்பிக் கரண்டியை நீட்டினாள்.

"இன்னைக்கி நீங்க தட்டுங்கண்ணே."

தேவதாஸ் மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான். அவள் கை நீட்டினபடியே இருந்தது. வாங்கினான். குழாயில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான்.

சத்தம் நின்றது.

பிறகு... டொக்டொக்டொக்டொக்டொக் என்று இரண்டு கையாலும் அடிக்கிற மாதிரி ஆரம்பித்தது. மேடையில் பாத்திரம் எல்லாம் கிடுகிடுத்தது. இத்தனை மாசமாகப் பயப்படாத அமிர்தவல்லி பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "அண்ணே, மேல நிக்கறது நீங்கதான்னு தெரிஞ்சிபோச்சு அவருக்கு... தொறங்கண்ணே! ஐயோ, தொறந்து விடுங்கண்ணே!"

தேவதாஸ் கரண்டியைப் போட்டுவிட்டு அந்தச் சிமெண்டை நகத்தால் பிறாண்டினான். விரலில் ரத்தம் வந்தது. திறக்க அங்கே என்ன இருக்கிறது? "கொளஞ்சி, கொளஞ்சி" என்று கத்தினான், எத்தனையோ குரல்.

கொஞ்ச நேரத்தில் அடி தளர்ந்தது. ஒன்று... அப்புறம் ரொம்ப நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம், நகத்தால் சுரண்டுகிற மாதிரி ஏதோ ஒன்று. அப்புறம் அதுவும் இல்லை.

அமிர்தவல்லி அவனையே பார்த்தாள். அவள் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தேவதாஸ் தானாகவே சொன்னான்.

"அன்னைக்கும் இப்பிடித்தாம்மா நின்னுச்சு."