லம்ரியா அத்தையின் முறை

மைக்கை அணைத்துவிட்டு வந்து உட்காருங்கள். அணைத்தாயிற்று என்று வாயால் சொன்னால் போதாது... அதோ, சிவப்பு விளக்கு எரிகிறது பாருங்கள். ம். இப்போது சரி. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விடிந்தால் கல்யாண மண்டபத்தில் இந்த ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கி வைக்கப் போகிறவர்கள் நீங்கள்தான். இதைத் தெரிந்துகொண்டு தூக்குவது நல்லது.

என் சிநேகிதன் ஜோங்கியின் மச்சானுக்கு நடந்தது இது. மச்சான் பெயர் மாரிஹோத். ஜோங்கி குடித்தால் பொய் சொல்வான், ஒப்புக்கொள்கிறேன். இதை அவன் குடிக்காமல் சொன்னான்.

மாலை ஆறரை மணி. டோலோக் சங்குல் ஊருக்கு மேலே, மலைக்காட்டுக்குள் போகிற சாலை. மழை விட்டும் விடாமலும்... மூடுபனி. அந்தச் சாலையில் அந்த நேரத்துக்கு நாய்கூட நடக்காது. மாரிஹோத் தன் சின்ன லாரியில் தனியாக இறங்கிக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு ஸ்பீக்கர் பெட்டி, ஒரு போடியம். போடியம் தெரியும்தானே, நின்று பேசுகிறவர் முன்னால் வைக்கிற சாய்மேசை. அதைப் படுக்கப் போட்டு, தார்ப்பாய் மூடி, கயிற்றால் கட்டியிருந்தான்.

பாலம் தாண்டி மூன்றாவது வளைவு. விளக்கு வெளிச்சத்தில் ஒரு கிழவி. தலையில் பிளாஸ்டிக் தாள். கையைத் தூக்கினாள்.

அது அவனுடைய அத்தை. அப்பாவின் கூடப் பிறந்தவள். பெயர் லம்ரியா.

மாரிஹோத் வண்டியை நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினான்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அன்று மதியம் அவன் செய்த வேலை அப்படி.

மாரிஹோத்துக்கு மைக் செட் தொழில். சாவு, கல்யாணம், கோயில் கூட்டம், எதுவானாலும் மலையில் அவன் பெட்டிதான் பேசும். புது மண்டபம் கட்டுகிறவர்களும் அவனிடம்தான் வருவார்கள். எந்தப் பெட்டி வாங்கலாம், எத்தனை உயரத்தில் போடியம் வாங்கலாம் என்று கேட்பார்கள். அவன் முதலில் ஒன்றே ஒன்று கேட்பான்: "யார் யார் பேசுவாங்க? அதுல ரொம்பக் குள்ளமான ஆளு யாரு?" அந்தக் குள்ளமான ஆளின் முழங்கைக்குத்தான் போடியம் எடுப்பான். தகரக் கூரையா என்று பார்ப்பான். மழை பெய்தாலும் கேட்க வேண்டுமே. தொழிலில் சுத்தமான ஆள்தான், அதுவரை.

அந்த மலைக்கிராமத்தின் பெரிய மனிதர் ஹூமாலா ஒரு நாள் கடைக்கு வந்தார். பனை மரம் மாதிரி உயரம். கிராமத்துப் பொதுக்காட்டை வெளியாளுக்கு விற்க ஏற்பாடு செய்திருந்தார். சாம்பிராணி மரக்காடு. தலைமுறை தலைமுறையாகப் பட்டையைக் கீறிப் பால் எடுத்துப் பிழைத்த காடு. விற்பதற்குக் கூட்டம் போட வேண்டும். அந்த மலையில் வாழ்கிற பத்தாக் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒருவர் எழுந்து பேசியே ஆக வேண்டும். யாருடைய முறையையும் தாண்டக் கூடாது. ஒரே ஒரு வீடு எழுந்து 'வேண்டாம்' என்றாலும் விற்பனை நின்றுவிடும்.

எல்லா வீட்டையும் ஹூமாலா சரிக்கட்டிவிட்டார். மசியாதது ஒரு வீடு. அவருடைய செத்துப்போன அண்ணன் வீடு. அதில் இருந்தது அண்ணன் பெண்டாட்டி மட்டும்தான். லம்ரியா. நாலரை அடி.

"அண்ணி பேசக் கூடாதுன்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா ஊரே காறித் துப்பும்" என்றார் ஹூமாலா. "பேசட்டும். நல்லாப் பேசட்டும். யாரு காதுலயும் விழக் கூடாது. அவ்வளவுதான்."

"அவங்க எனக்கு அத்தை, பெரியவரே."

"தெரியும்டா. அதனாலதான உங்கிட்ட வந்தேன். நீ ஏதாவது பண்ணுவன்னு அவ சந்தேகப்பட மாட்டா." சிரித்தார். "நல்ல போடியம் எடுக்கத் தெரியுமில்ல உனக்கு? அப்ப மோசமானதும் எடுக்கத் தெரியும். இந்த மலையில இருக்கற அத்தனை மண்டபத்துக்கும் இனிமே நீதான்."

மாரிஹோத் ராத்திரியெல்லாம் யோசித்தானாம். யோசித்து என்ன? எடுத்தான். ஹூமாலாவின் மார் உயரத்துக்கு அடைத்துக் கட்டிய மரப் போடியம். வளைக்க முடியாத கட்டைக் கழுத்து மைக். அதன் வாய் அவர் வாய்க்கு நேராக. பெட்டியும் அதற்கேற்றது. தலைவர் கையில் இருக்கிற மைக்கில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் மற்ற மைக்கெல்லாம் தானாக அடங்கிவிடும்.

கூட்டத்தன்று மழை வேறு. தகரக் கூரையில் கொட்டு கொட்டென்று கொட்டியது. வீடு வீடாக எழுந்து 'சம்மதம்' சொன்னார்கள். கடைசியில் லம்ரியாவின் முறை.

போடியத்துக்குப் பின்னால் போனாள். மறைந்தேபோனாள். வெள்ளைக் கொண்டை மட்டும் தெரிந்தது. பிறகு நெற்றி... பிறகு கண். கால் விரல்களில் எக்கி நிற்கிறாள் பாவி. பேசத் தொடங்கினாள். ஹூமாலா பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் வரவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான்.

"எந்திரிச்சு நில்லுங்க பெரியம்மா!" பின் வரிசையில் இருந்து எவனோ கத்தினான்.

"நின்னுக்கிட்டுதான்டா இருக்காங்க!" என்றான் இன்னொருவன்.

மண்டபமே சிரித்தது. தொண்டை நரம்பு புடைக்கப் பேசினாள். முன் வரிசையில் இருந்தவர்கள் காதைக் குடைந்துகொண்டார்கள். நடுவில் தொண்டையைச் செருமினாள்... க்ஹும்... அது மட்டும் எப்படியோ பெட்டியில் கேட்டது. ஹூமாலாவின் கட்டைவிரல் ஒரு நொடி நழுவியிருக்கும். அந்த நொடியில் அவள் தலையைத் திருப்பி மாரிஹோத்தைப் பார்த்தாள்.

"மருமவனே... சத்தத்தக் கொஞ்சம் கூட்டுப்பா."

அவ்வளவு நம்பிக்கை. பிறந்த வீட்டு ஆள் அல்லவா. மாரிஹோத் குனிந்து வயரைச் சரிபார்க்கிற மாதிரி கையால் துழாவினான். அவள் பேசி முடிக்கிற வரை நிமிரவில்லை.

"ரொம்ப நன்றி அண்ணி. எதிர்ப்பு ஒண்ணும் நம்ம காதுல விழல. காடு வித்தாச்சு" என்றார் ஹூமாலா. கை தட்டினார்கள். பன்றிக்கறியும் கள்ளும் வந்தது. லம்ரியா ஒரு வாய்கூடத் தொடாமல் மழையில் இறங்கி நடந்தாள்.

அந்த அத்தைதான் வளைவில் கையைத் தூக்கியது. சரி... லாரிக்கு வருவோம்.

கண்ணாடியில் அவள் சின்னதாகி மறைந்தாள். அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கீழ்க்காட்டுக்குள் வண்டி நுழைந்ததும் சாம்பிராணி வாசனை. புகை வாசனை இல்லை... பச்சைப் பால் வாசனை, அப்போதுதான் பட்டையைக் கீறிய மாதிரி. மழைநாளில் யாரும் பட்டை கீறமாட்டார்கள்.

பின்னால்... க்ஹும்.

பிரேக் போட்டான். இன்ஜினை அணைத்தான். மழை இலையில் சொட்டுகிற சத்தம். டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னால் போய்த் தார்ப்பாயைத் தூக்கினான். பெட்டியின் சுவிட்ச் அணைந்திருந்தது. வயரைப் பிடுங்கிப் பையில் போட்டது அவனேதான். தலைவரின் கை மைக்கைத் திறந்து பார்த்தான். உள்ளே பேட்டரி இல்லை.

க்ஹும்.

பெட்டியிலிருந்துதான். யாரோ பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்கிற சத்தம்... பிறகு ஒரு மூச்சு. பேச்சு வரவில்லை. காத்திருக்கிற மூச்சு.

டார்ச்சைத் தாழ்த்தினான். லாரித் தட்டெல்லாம் செம்மண் சேறு. போடியத்தின் அடியில், சேற்றில் பத்து விரல் பதிந்திருந்தது. கால் விரல். குதிகால் தடம் இல்லை.

உள்ளங்கையால் அழித்தான். வீட்டுக்குப் போகிற வரை பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

காலையில் ஆள் வந்தது. லம்ரியா செத்துக் கிடக்கிறாள். மண்டபத்துக்குக் கீழே, முதல் வளைவில், மண்மேட்டில் சாய்ந்தபடி. குளிரில் விறைத்துப்போயிருக்கிறாள். விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே உயிர் போயிருக்கும் என்றார் கம்பவுண்டர்.

முதல் வளைவு. பாலம் அதற்கு எவ்வளவோ கீழே இருக்கிறது. அவன் பார்த்தது பாலத்தையும் தாண்டி மூன்றாவது வளைவில். ஜோங்கியிடம் இதைச் சொன்னதுகூட வெகு காலம் கழித்துத்தான்.

சாவுக்கும் அவன் செட்தான் போனது. வேறு செட் கிடையாதே. அங்கே இன்னொரு வழக்கம். பெண் செத்தால் பிறந்த வீட்டு ஆள்தான் துணி போர்த்த வேண்டும். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் சபையைப் பார்த்து, 'எங்க பொண்ணுக்கு இங்க குறை வச்சீங்களா?' என்று கேட்க வேண்டும். கேட்டால் ஊர் பதில் சொல்லியே ஆக வேண்டும். விற்பனையைக்கூடத் திரும்பப் பேச வேண்டியிருக்கும். லம்ரியாவின் பிறந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே ஆண் மாரிஹோத்.

மைக்கைக் கையில் வாங்கினான். எதிரே ஹூமாலா, தொடை மேல் கை வைத்துக்கொண்டு.

"போய்ட்டு வாங்க அத்தை" என்றான். அவ்வளவுதான். மூடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டான். இரண்டாவது தடவையும் அவள் முறையைத் தின்றான். எனக்கு அவன்மேல் துளி இரக்கம் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரக்கம் வேறு ஆள்மேல்.

அவனுக்கு ஒரு பெண் குழந்தை. தியூர். கல்யாணமாகி நெடுங்காலம் கோயில் கோயிலாக அழுது பெற்றது. வாயாடி என்றால் வாயாடி, தூங்கும்போதும் பேசுமாம். கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கோயிலில் முன்னால் நின்று ஒரு வசனம் சொல்ல வேண்டும். பிள்ளை முதன்முதலாக வசனம் சொல்லுகிற நாள் என்றால் அங்கே பெற்றவர்கள் புதுத்துணி எடுத்துக்கொண்டு போய் அழுவார்கள். தியூருக்கு அந்த வருடம்தான் முதல் முறை.

மாரிஹோத் அதற்காகவே செட்டைத் துடைத்தான். புது மைக் வாங்கினான். மகளைச் சுவரோடு நிறுத்தி வாய் உயரம் பார்த்துக் குட்டை ஸ்டாண்டு செய்தான்.

"அப்பா, நான் சொல்றது கடைசி பெஞ்சுக்குக் கேக்குமா?"

"ரோட்டுக்கே கேக்கும்டி என் தங்கம்."

"ஹூமாலா தாத்தாவுக்கு?"

"அவரு முன்னாடிதான் உக்காந்திருப்பாரு. சொல்லு, இன்னொரு தடவ சொல்லு."

கோயில் நிறைந்திருந்தது. மெழுகுவத்தி வாசனை, ஈரக் கம்பளி வாசனை. ஒவ்வொரு பிள்ளையாக வந்து சொன்னது. ஒவ்வொன்றும் கணீரென்று கேட்டது. தியூர் போனாள். வெள்ளைக் கவுன். ஸ்டாண்டு சரியாக அவள் வாய்க்கு நேராக இருந்தது. அளவெடுத்துச் செய்தது அல்லவா.

முன்வரிசையில் இருந்த ஜோங்கி சொல்கிறான்... முதலில் காலைத்தான் பார்த்தானாம். எக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் பிள்ளையின் குதிகால் மெல்ல... மெல்ல... மேலே எழும்பியது.

வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

மாரிஹோத் சத்தம் கூட்டுகிற திருகைத் திருப்பினான். வாய் அசைகிறது. தொண்டை நரம்பு புடைக்கிறது. ஒன்றும் இல்லை. வயரைப் பார்த்தான். விளக்கைப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. பின்னால் சிரிப்பு கிளம்பியது.

"எந்திரிச்சு நில்லு பாப்பா!" எவனோ கத்தினான். பழைய குரல்தான்.

தியூர் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். அவன் திருகைக் கடைசி வரை திருப்பினான். பெட்டி அதிர்ந்தது. அப்போது சாம்பிராணிப் பால் வாசனை... கோயில் முழுக்க.

க்ஹும்.

சிரிப்பு நின்றது. பிள்ளையின் வாய் மூடியிருந்தது. பெட்டியிலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. நிதானமாக, ஆசையாக, சொந்தப் பிள்ளையிடம் கேட்கிற மாதிரி.

"மருமவனே... சத்தம் போதுமாப்பா?"

அப்புறம் ஒன்றும் இல்லை. யாரும் எதையும் கேட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. பாதிரியார் அடுத்த பாட்டை எடுத்துவிட்டார். ஹூமாலாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார். பேரனுக்கு ஊர் மெச்சக் கல்யாணம் செய்தார். காடு மொட்டையாகிக் கிடக்கிறது.

தியூரை மேடான் நகரத்துக்குக் கொண்டுவந்து எல்லா டாக்டரிடமும் காட்டினார்கள். தொண்டையில் குறையே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இன்று வரை ஒரு சொல் வெளியே வந்ததில்லை. வாய் மட்டும் அசையும். மாரிஹோத் மைக் செட்டை விற்கவில்லை. சாயந்தரமானால் மகளை மைக் முன்னால் உட்கார வைத்து, திருகைக் கடைசி வரை திருப்பிவிட்டு, பெட்டியில் காதை வைத்துக்கொள்கிறான். வேறு எப்படித்தான் அவள் சொல்வதைக் கேட்பது?

ஜோங்கி போன மாதம் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கினான். தூக்கம் வராமல் புரண்டபோது தியூர் தண்ணீர் குடிக்க எழுந்து போனாளாம். பழைய பலகைத் தரை. பூனை நடந்தாலே முனகும். அவள் போனதும் கேட்கவில்லை, வந்ததும் கேட்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தான். வளர்ந்த பெண்... இருட்டில், விரல் நுனியில் போய்க்கொண்டிருக்கிறாள். எட்டு வருடமாக அவள் குதிகால் தரையில் பட்டதில்லையாம்.