ஒரு குழாய் எச்சில்

— மெதுவா பேசுடா. பக்கத்துக் கடைக்காரர் காது இங்கதான் இருக்கு.

— இனி என்னக்கா மெதுவா? ஊருக்கே தெரிஞ்சது பக்கத்துக் கடைக்குத் தெரிஞ்சா என்ன கெட்டுடும்?

— ஷட்டரை இறக்கிட்டு வா. பார்த்து உக்காரு, அந்தத் துணியில ஊசி குத்தி வெச்சிருக்கேன். இப்ப சொல்லு. டிப்போவுல என்ன சொன்னாங்க?

— டாக்டர் கூப்பிட்டார். 'இனிமே நீங்க பஸ்ஸைத் தொடக் கூடாது'ன்னார். ஏன் சார், எங்கயாவது இடிச்சேனா, குடிச்சேனான்னு கேட்டேன். 'அதெல்லாம் இல்ல. உங்க அம்மாவுக்கு நரம்பு நோய் இருந்திருக்கு, உங்க அக்காவுக்கும் அது வரப்போகுது, உங்களுக்கும் பாதிக்குப் பாதி'ங்கறார். இத்தனை வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவனை, போய் டயருக்குக் காத்து பிடின்னுட்டாங்க.

— ஐயோ... அவருக்கு எப்படிடா தெரியும்?

— அதைத்தான் நான் உன்கிட்ட கேக்கறேன். எங்க போய் என்னத்தைக் கொடுத்த?

— டிவியில விளம்பரம் வந்துச்சுடா. ஒரு குழாய்ல எச்சில் துப்பி அனுப்புங்க, விட்டுப்போன சொந்தத்தையெல்லாம் கண்டுபிடிச்சுத் தர்றோம்னாங்க. அம்மா வழியில யாராவது இருக்க மாட்டாங்களான்னு ஒரு நப்பாசை. சொந்தம் ஒண்ணும் வரல. இந்த நோய்தான் வந்துச்சு. யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்னு அடிச்சுச் சொன்னாங்கடா!

— சொல்லலக்கா, வித்துட்டாங்க. கம்பெனி கைமாறிடுச்சாம். வாங்கினவன் இன்சூரன்ஸ்காரனுக்குக் கொடுத்து, அவன் எங்க ஆபீசுக்குக் கொடுத்திருக்கான். என் பேரை நீ ஏன்க்கா சொன்ன?

— வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. தம்பி பஸ் ஓட்டுறான்னு பெருமையா சொன்னேன். என் எச்சிலைத்தானடா கொடுத்தேன்...

— உன் எச்சில்ல நானும்தானே இருக்கேன்? சரி விடு. வேலை போனது கூட இல்ல. உனக்கு வரப்போகுதுங்கறதை யாரோ ஒரு ஊரான் வாயால நான் கேக்கணுமா?

— நீ தாங்க மாட்டியேன்னுதான். அம்மா பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் நீ.

— அழாத. அம்மாவைப் பார்த்துக்கிட்ட மாதிரி உன்னையும் பார்த்துக்குவேன். நான் இல்லையா?

— என்னை விடு. உன் வேலைக்கு வேற வழியே இல்லையா?

— ரத்தம் கொடுக்கணுமாம். என் உடம்புல அது இல்லைன்னு வந்தா பஸ்ஸைத் திருப்பித் தருவாங்களாம். எனக்குத்தான் பயமா இருக்கு.

— கொடு. நாளைக்கே போய்க் கொடு. இல்லைன்னுதான் வரும்.

— ஜோசியம் பார்த்தியா?

— ஜோசியம் இல்லடா. அம்மா உன்னைப் பெக்கல.

— விளையாடாதக்கா.

— எதிர் வீட்டுல குடியிருந்தவங்க பிள்ளை நீ. அந்தம்மா பிரசவத்துலயே போயிட்டாங்க. அந்த ஆளு பச்சைக் குழந்தையைப் போட்டுட்டு எங்கயோ போயிட்டார். அம்மா உன்னைத் துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்தா. நான் அப்ப ஸ்கூல் போற பொண்ணு. உனக்கு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு வீட்டையே மாத்தினா. கேக்குதாடா?

— கடைசியில அம்மா எல்லாத்தையும் மறந்தாளே... உன் பேரைக் கூட.

— ஆமா. உன்னை மட்டும் மறக்கல. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா போதும், 'என் புள்ள வந்துட்டான்'ம்பா.

— ரத்தம் எடுத்தா, உன்னோடதையும் என்னோடதையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்கல்ல?

— பார்த்தா பார்க்கட்டுமே. உனக்கு பஸ் கிடைக்குமேடா.

— கொடுக்க மாட்டேன்க்கா. அம்மா நோய் எனக்கும் வரும்னே அவனுங்க நினைச்சுக்கட்டும்.