'சர்க்கரை இல்லை' என்ற சொல்லோடு மல்லுக்கு நின்றவருக்கு

உணவுச் சோதனைக் கூடத்தின் உரைகல்லே, கலப்படக்காரர் உறக்கம் கலைத்த கடுங்காற்றே, எங்கள் எல்லோருக்கும் அக்காவான தலைமைப் பகுப்பாய்வாளரே, வணக்கம்.

பணி ஓய்வு பெற்று விடைபெறும் நாளில் பூத்தூவிப் பேசுவதே வழக்கம். எங்களுக்கோ நெஞ்சு கொதிக்கிறது. அந்தக் கொதிப்போடுதான் வாழ்த்த வந்திருக்கிறோம்.

சர்க்கரை நோயாளியான உங்கள் தம்பி, தேநீர் வேளைதோறும் ஒரு பிஸ்கட்டை நம்பித் தின்றார். உறையின் முகப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்றிருந்தது. காலில் வந்த புண் ஆறவில்லை, பாதத்தை எடுத்துவிட்டார்கள். பிஸ்கட் மட்டுமே காரணம் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது அதைத்தான்: "அக்கா, அதுல சர்க்கரை இல்லன்னுதானே போட்டிருந்தான்?"

கடைகளில் வாங்கி முத்திரையிட்ட அந்தப் பிஸ்கட் மாதிரிகள் மேசைக்கு வந்தபோது கையுறையைக் கழற்றி வைத்தீர்கள். "நான் தொட்டா சொந்தப் பகைன்னு சொல்லிடுவாங்க. நீங்க பண்ணுங்க" என்று நடைவழி பெஞ்சில் போய் உட்கார்ந்தீர்கள். முடிவு வரும்வரை நீங்கள் அங்கிருந்து எழுந்திருக்காததைக் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தோம்.

உள்ளே இருந்தது குளுக்கோஸ் பாகு; உடலுக்குள் போனால் சர்க்கரைக்குச் சற்றும் சளைக்காதது. உறையின் பின்மடிப்பில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், அதையும் அச்சிட்டே இருந்தார்கள்.

பிஸ்கட் நிறுவன அதிகாரி சிரித்த முகத்தோடு வந்தார். "மேடம், நாங்க பொய் எழுதலையே. சர்க்கரை சேர்க்கல, பாகுதான் சேர்த்தோம்."

"அந்த வித்தியாசத்தை என் தம்பி ரத்தத்துக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றீர்கள்.

மேலிடம் உங்களை வேறு ஊருக்குத் தூக்கியடிக்கப் பார்த்தது. பெரிய இடத்தோடு மோதாதே என்று வேண்டியவர்களே காதைக் கடித்தார்கள். அசையவில்லை நீங்கள். படியேறிப் படியேறி விசாரணையில் வென்று, உறையிலிருந்து அந்த வாசகத்தை இறக்கினீர்கள்.

அதே பிஸ்கட் இப்போது இதயப் படம் போட்டு 'இயற்கையின் இனிமை' என்று வருகிறது. மாவும் மாறவில்லை, பாகும் மாறவில்லை, வெட்கமும் இன்னும் வரவில்லை. அது போதாதென்று, உங்களுக்குப் பின் யாரும் வராதபடி உங்கள் பணியிடத்தையே இன்றோடு நீக்கி ஆணையும் வந்திருக்கிறது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் தம்பி அறியச் சொல்கிறோம்: புதிய உறையின் மாதிரிகள் நாளைக் காலை எங்கள் மேசைக்கு வருகின்றன.

நோயின்றி, குறையின்றி, நெடுங்காலம் நிறைவாக வாழுங்கள் அக்கா. உங்கள் கோபத்தை மட்டும் எங்களிடம் விட்டுச் செல்லுங்கள்; இங்கே அதற்கு நிறைய வேலை இருக்கிறது.

நீங்கள் வளர்த்த
சோதனைக் கூடத்துப் பணியாளர்கள்